உப்புக் காற்றில் ஹெட்ஃபோன் வாங்குவோருக்கு

மரக்காணம் உப்பளப் பகுதியில் வீட்டிலேயே பாட்டுப் பதிந்து மிக்ஸிங் செய்பவர்கள், விலை கேட்பதற்கு முன் மூடிய வகையா, திறந்த வகையா என்று முடிவு செய்வது நல்லது.

குரல் பதிவுக்கு மூடிய வகைதான். ஒலி கசிந்து மைக்கில் ஏறாது. 1991 முதல் ஸ்டுடியோக்களில் புழங்கும் சோனி எம்.டி.ஆர். 7506 இதற்குப் போதும். மிக்ஸிங்குக்குத் திறந்த வகையே மேல். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 குரலையும் வயலினையும் மெருகேற்றாமல் அப்படியே காட்டும். ஆனால் அதன் இம்பீடன்ஸ் 300 ஓம். செல்போனில் செருகினால் சத்தம் போதாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அடி பாஸும் சற்றுக் குறைவு. தவிலின் தொப்பி ஒலியை ஸ்பீக்கரிலும் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

கடலோரப் புழுக்கத்தில் ரெக்ஸின் காதுமெத்தை வியர்வையில் ஊறி உரியும். வெல்வெட் துணி மெத்தை நெடுநாள் தாங்கும். கண்ணாடி அணிபவர்கள் கடையில் கண்ணாடியோடே மாட்டிப் பார்க்கட்டும், பத்து நிமிடமாவது.

உப்பும் ஈரமும் ஹெட்ஃபோன் ஜாக்கின் பின்னை அரிக்கும், பிறகு கரகரப்புதான். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பையுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். கேபிளையும் மெத்தையையும் தனியாக மாற்ற முடிகிற மாடலே இங்கே லாபம்.