உள்ளிருளும் மேனாட்டார் கூறும் நிழலும்

சைவாசிரியர்களே, இக்காலத்து நம் மாணாக்கர் கையில் வரும் மேனாட்டு நூல்களுட் சில, ஒவ்வொருவனும் தன்னுள்ளே கிடக்கும் நிழலைத் தழுவிக்கொள்ளல் வேண்டுமென்று உபதேசிக்கின்றன. மேல்வகுப்பு மாணாக்கனொருவன் இதன் பொருள் யாதென்று நம்மை வினவினால், மேனாட்டார் மயக்கம் என்று கூறித் தள்ளிவிடுதல் எளிது. அது விடையாகாமையின் சிறிது ஆராய்வாம்.

இவ்வுபதேசத்தைப் பெரிதும் போற்றுவோர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தம்மைப் பேகன் என்று தாமே வழங்கும் கூட்டத்தார். இச்சொற்கு மூலமாகிய இலத்தீன் சொல் நாட்டுப்புறத்தான் என்னும் பொருளது. பின்னர்க் கிறிஸ்து சமயத்தைச் சாராதாரை இகழுஞ் சொல்லாயிற்று. நம் நாட்டில் அஞ்ஞானி என்னுஞ் சொல் நம்மேல் வழங்கியவாறு போலும் என்க. இகழ்ந்திட்ட பெயரை அவர் விரும்பி எடுத்தணிந்தமை நோக்கத்தக்கது. இங்கிலாந்திலே சூனியக்காரரைப் பற்றிய பழஞ்சட்டம் 1951 ஆம் ஆண்டில் நீங்கியபின், 1954 இல் நூலெழுதி இம்மார்க்கங்களுள் ஒன்றை வெளிப்படுத்தியவர் காட்னர் என்பவர். அவர் 1900 ஆம் ஆண்டில் நம்மிலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதும் ஈண்டறியத்தக்கது.

நிழல் என்னுஞ் சொல்லோ அவர் ஆக்கியதன்று. சுவிற்சர்லாந்து தேசத்து மனநோய் வைத்தியராகிய யுங் (1875–1961) வழங்கியது. ஒருவன் தன்னிடத்து உண்டென்று ஒப்ப மனமின்றி ஒளித்துவைக்கும் சினம், அச்சம், பொறாமை முதலியன திரண்டதே நிழல். ஒளித்தவன் அதனைத் தன்னிடத்துக் காணான். அயலான் முகத்திற் கண்டு அவனை வெறுப்பான். இது அவர் கொள்கை.

இதற்கு அவர்கள் எடுத்துக்காட்டுங் கதைகளுள் மிக்க சுவையுடையது, சுமேரியர் களிமண் ஏடுகளில் எழுதிவைத்த பழங்கதையொன்று. விண்ணரசியாகிய இனன்னா, கீழுலகை ஆளுந் தன் தமக்கை எரெஷ்கிகாலிடம் செல்கின்றாள். வாயில்கள் ஏழு. வாயில்தோறும் முடி முதலிய அணிகளுள் ஒவ்வொன்று கழற்றப்படுகின்றது. ஈற்றில் ஒன்றுமின்றி நின்றவள் பிணமாகி ஓர் முளையிலே தூக்கப்படுகின்றாள். அவளை மீட்டது படையன்று. என்கி என்னுந் தேவன் தன் நகத்தழுக்கினாற் செய்தனுப்பிய இரண்டு சிற்றுயிர்களே மீட்டன. எரெஷ்கிகால் நோவினால் முனகிக் கிடந்தாள். அவள் ஆவென்று அரற்றுந்தோறும் அவையும் உடனிருந்து ஆவென்று அரற்றின. தன் துயரைக் கேட்பாரும் உளரோ என்று மகிழ்ந்த அவள் வேண்டும் வரம் யாதென வினவ, அவை பிணத்தைக் கேட்டுப் பெற்றன. வாளுக்கு இணங்காதது செவிக்கு இணங்கிற்று. இனன்னா தனக்கீடாக ஒருவரைக் கீழுலகிற்குக் கொடுக்க வேண்டியிருந்தமையும் அக்கதையில் உண்டு. தழுவுதலைப் பேசுவோர் சிலர் அதனைச் சொல்லாது விடுவர்.

நம் சித்தாந்தத்தில் இதற்கு அணித்தாயது ஆணவமலம். அணித்தென்றாமன்றி ஒன்றென்றிலேம். அவர் நிழலைத் தம்முள் ஒரு பாகமென்பர். நாமோ ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றியதென்பேமன்றி, அதுவே உயிரென்னேம். ஆதலின் தழுவுதல் என்னுஞ் சொல் நமக்கு இசையாது. வேரோடழித்தலும் நம் மதமன்று. முத்தியினும் அது சத்தி மடங்கிக் கிடக்கும் என்பதே துணிபு. உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனில், இருட்டுப் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். இம்மலமோ தன்னையுங் காட்டாது என்று விளக்கினார். யுங் கூறியதனினும் இஃது ஆழமுடைத்தென்பது எம் கருத்து.

சூரன்போர் நாளில் நாம் பிள்ளைகளுக்குச் சூரன் சங்கரிக்கப்பட்டான் என்று சொல்லி நிறுத்திவிடுகின்றோம். கந்தபுராணம் அவ்வாறு நிறுத்தவில்லை. ஆணவத்திற்கு அறிகுறியாகக் கொள்ளப்படும் சூரபன்மன் கடலின் நடுவே மாமரமாய் நின்றான். வேல் அம்மரத்தைப் பிளந்தது. பின்னர்த் தன் பழையவுருக்கொண்டு எதிர்த்த அவனுடலையும் அது இருகூறாக்க, அக்கூறிரண்டும் மயிலுஞ் சேவலுமாய்ப் போருக்கு வந்தன. பெருமானுடைய அருள்நோக்கம் பட்ட அளவில் ஒன்று ஊர்தியாயிற்று, ஒன்று கொடியாயிற்று. வந்த பகையே சுமக்கலாயிற்று. இப்பகுதியைச் சொல்லாது விட்டாற் சூரன்போர் பொம்மை விளையாட்டாய் முடியும்.

தன்னைக் காட்டாதது எவ்வாறு காணப்படும்? யாம் கண்டவாற்றைச் சொல்லுகின்றேம். சில ஆண்டுகளின்முன் எம் வகுப்பு மாணாக்கன் ஒருவன், காலைப் பிரார்த்தனையிற் பூசிய திருநீற்றைப் பாடசாலை விட்டதும் வாயிலிலே துடைத்துக்கொண்டு தெருவிற் செல்வதைக் கண்டேம். மறுநாள் அவனை வகுப்பின் நடுவே நிறுத்தி, குற்றத்தின் அளவுக்கு மிஞ்சிய கடுஞ்சொற் கூறினேம். அவன் தலைகுனிந்து நின்றான். எமது சினமோ மாலைவரையும் ஆறவில்லை. சிறு பிழைக்கு இத்துணைச் சினம் எங்கிருந்து வந்ததென்று இரவிலே எண்ணியபோதுதான் விளங்கிற்று. யாம் மிசன் பாடசாலையிற் கற்ற காலத்தில், நாடோறும் தாயார் பூசிவிட்ட திருநீற்றை வாயிலை அணுகுமுன் கைலேஞ்சியால் துடைத்தவரன்றோ? எவருங் கட்டளையிட்டிலர். யாமே நாணினேம். முப்பது ஆண்டிற்கு மேலாக அதனை ஒருவர்க்குஞ் சொல்லாதிருந்து, மறந்தேமென்றும் எண்ணியிருந்தேம்.

மறுநாள் அவனைத் தனியே அழைத்துக் கைலேஞ்சியின் கதையைச் சொன்னேம். முதலில் நம்பாதவன்போல நோக்கினான், பின்பு சிரித்தான். அதன்பின் அவன் வாயிலைக் கடக்கும்போது யாம் அவன் நெற்றியைப் பார்த்திலேம்.