இலை வேறு, பந்தி ஒன்று

அய்யா துணை



பதியிலும் நிழல்தாங்கலிலும் நாம் உண்பது காய்கறி அன்னம். அதில் யாருக்கும் கேள்வி இல்லை. கேள்வி எல்லாம் வீட்டில்தான் எழுகிறது. ஒரே வீட்டில் தாயார் ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பார். மகனுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. கல்லூரியில் படிக்கும் பேத்தி பால், நெய், தேன்கூட வேண்டாம் என்று நனிசைவம் மேற்கொண்டிருப்பாள். "மீன் தின்கிறவனுக்கு நெற்றியில் திருநாமம் எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். "பாலும் மோரும் தொடாதவளை யார் வீட்டில் வைத்துச் சமாளிப்பார்கள்?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு கேள்விகளும் அடியாரை அடியாரிடமிருந்து பிரிக்கின்றன. உணவைப் பற்றி நாம் எப்படி நினைக்கவேண்டும், அடுத்தவரிடம் எப்படி நடக்கவேண்டும் என்பதே இந்தப் பாடம்.

அய்யா விலக்கியது

கொல்லம் 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், வைகுண்ட அவதாரம் நிகழ்ந்தது. அந்நாளில் தென் திருவிதாங்கூரில் பேய்களுக்கு அஞ்சி ஆட்டையும் கோழியையும் பலி கொடுப்பது ஊர்வழக்கம். அன்றாடம் காய்ச்சியும் கடன் வாங்கிப் பலியிட்டான். அய்யா இதை நிறுத்தச் சொன்னார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், காவடி வேண்டாம் என்பது அகிலத்தின் உறுதியான போதனை. இறைவன் பெயரைச் சொல்லி ஓர் உயிரைக் கொல்வது நம் வழியில் இல்லை. இதில் எந்தத் தளர்வும் கிடையாது.

ஆனால் பலியை விலக்கிய அய்யா, அதுவரை பலியிட்டு வந்த மக்களை விலக்கவில்லை. அவர்களையே அழைத்து, தலையில் தலைப்பாகை கட்டச் செய்து, அன்புக்கொடி மக்கள் ஆக்கினார். செயலை விலக்குவது வேறு, ஆளை விலக்குவது வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வோம்.

யார் சுத்தம், யார் தீட்டு என்று பிரிக்க அக்காலத்தில் அடுக்களையும் ஓர் அளவுகோலாக இருந்தது. நம் முன்னோர் கோவில் தெருவில் நடக்கவும், பொதுக்கிணற்றில் நீர் இறைக்கவும் தடை இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில்தான் சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றைச் சுற்றி எல்லாச் சாதியாரும் ஒன்றாக நின்று நீராடினார்கள். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். தீட்டு என்று தள்ளப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். அடுத்தவர் சட்டியைப் பார்த்து நாம் முகம் சுளித்தால், முன்னோர் பட்ட வேதனையை நம் கையாலேயே பிறருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

துவையல் தவசு காட்டும் வழி

அய்யா 1839இல் சிறை மீண்டபின், 700 குடும்பத்தார் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தார்கள். நாள்தோறும் மூன்று வேளை நீராடி, உடுத்த துணியைத் துவைத்து, ஒருவேளை மட்டும் காய்கறி அன்னம் உண்டார்கள். வீட்டையும் தொழிலையும் விட்டுக் கடற்கரைக்கு வந்தவர்கள் அவர்கள். அரசன் ஆணையும் சேவகன் பிரம்பும் அவர்களை அங்கே கொண்டுவரவில்லை. அய்யா சொல் மீது கொண்ட நம்பிக்கையால் தாமே வந்தார்கள். தவம் என்பது மனம் ஒப்பி ஏற்பது. ஒருவர் தானாக விட்ட மீன் விரதமாகும். பிறர் தட்டிலிருந்து பிடுங்கிய மீன் விரதமாகாது.

பழனி மலை தரும் பாடம்

பல வகை உணவு உண்போர் அருகருகே வாழும் இடத்துக்குப் பழனி மலைத்தொடர் நல்ல எடுத்துக்காட்டு. அடிவாரத்தில் பழனி. மலைவாழை, சர்க்கரை, தேன், நெய் சேர்த்துச் செய்யும் அவ்வூர்ப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருவோரில் பெரும்பாலோர் மற்ற நாட்களில் மீனும் கறியும் உண்பவர்கள். மாலை போட்ட நாள் முதல் அவற்றைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நம் வழியில் காவடி இல்லை. ஆனாலும் அவர்கள் தம் மனதை அடக்கி இருக்கும் விரதத்தை நாம் மதிக்கலாம்.

மேலே ஏறினால், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். அதற்கும் அப்பால் பூம்பாறையில் பூண்டு விளைகிறது. மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆடும் முயலும் வளர்க்கிறார்கள். குளிரும் சரிவும் நிறைந்த மலையில் ஒருவருக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் பிழைப்பு. இன்னொருவருக்கு ஆடு பிழைப்பு. கீழே சமவெளியில் இருந்துகொண்டு, மலைமேல் இருப்பவர் இன்னதைத்தான் உண்ணவேண்டும் என்று சட்டம் போடுவது எளிது. அவர் வயிற்றை அறிந்து பேசுவதுதான் கடினம்.

அந்த மலைச் சரிவுகளில் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். காட்டுக் கிழங்கே அவர்களுடைய முக்கிய உணவாக இருந்துவந்தது. தேன் எடுப்பார்கள், வேட்டையும் உண்டு. 1960களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் அவர்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர் கண்ட செய்தி நமக்குப் பெரிய பாடம். ஒருவரை ஒருவர் 'தரக்குறைவு' செய்யக்கூடாது என்பது பளியரின் முதல் ஒழுக்கம். ஒருவர் மற்றவரை ஏவுவதில்லை, இழிவாகப் பேசுவதில்லை. சண்டை வரும்போல் இருந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப் போய்விடுவார்கள். ஏட்டைப் படிக்காத காட்டு மக்களிடம் இந்தப் பொறுமை இருந்தது. திருஏடு வாசிப்பைக் கேட்டு வளர்ந்த நம்மிடம் அது எவ்வளவு கூடுதலாக இருக்கவேண்டும்!

வள்ளுவர் வைத்த வரிசை

புலால் உண்ணாமைக்குத் தமிழர் முதலில் காட்டும் நூல் திருக்குறள். அதில் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். ஆனால் அந்த அதிகாரம் துறவறவியலில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். இல்லறவியலில் வள்ளுவர் வைத்தது விருந்தோம்பலும் இனியவை கூறலும். இல்லறத்தாரிடம் முதலில் கேட்கப்படுவது வந்தவரை முகம் மலர்ந்து அழைப்பதும் இனிய சொல்லும்தான். இன்னொன்றும் உண்டு. புலால் மறுத்தலுக்கு முன்னால் இருப்பது அருளுடைமை. அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி வருவது கூடாவொழுக்கம். அருளில் தொடங்காத விரதம் வெளிவேடத்தில் போய் முடியும் என்று இந்த வரிசையிலிருந்து நாம் பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

சட்டமும் மனமும்

கோவில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கத் தமிழகத்தில் 1950இலேயே ஒரு சட்டம் வந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு முனைந்தது. கிராமங்களில் எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, படையும் பதவியும் இல்லாத அய்யா சொன்ன சொல்லால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பலியை விட்டுவிட்டன. இன்றும் அதன் பக்கம் திரும்பவில்லை. ஆணையால் ஆகாதது அன்பால் ஆயிற்று.

ஒருவர் எதை உண்கிறார் என்பது அவரது சொந்த விஷயம், அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியது. அதே தீர்ப்பில், சமணர்களின் புனித நாட்களில் அகமதாபாத் இறைச்சிக்கூடங்களை 9 நாள் மூடுவதையும் ஏற்றுக்கொண்டது. ஆண்டு முழுவதும் அடுத்தவர் அடுக்களையில் கை வைக்காதே. ஆனால் அவருடைய விரத நாளில் கொஞ்சம் விட்டுக்கொடு. ஊரில் பலரும் சேர்ந்து வாழ இந்த இரண்டும் வேண்டும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பதிக்கும் தாங்கலுக்கும் உரிய ஒழுங்கு எல்லோருக்கும் பொது. திருவிழா நாட்களில் விரதம் காத்து வருவோம். இது யாருடைய விருப்பத்தையும் பறிப்பதல்ல. கூடி வணங்கும் இடத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

2. வீட்டில் யாரையும் மிரட்டிச் சைவமாக்கவேண்டாம்; கேலி செய்து கறி தின்னவைக்கவும் வேண்டாம். தாயாருக்குத் தனிச் சட்டி வேண்டுமென்றால் வைத்துக் கொடுப்போம். பேத்திக்கு நெய் ஊற்றாமல் ஒரு கரண்டி பருப்பை முன்னதாக எடுத்து வைப்போம்.

3. ஒருவர் உண்ணாததை அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுப்பது வஞ்சனை. விளையாட்டுக்கும் செய்யக்கூடாது.

4. விருந்துக்கு அழைக்கும்போது, "உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது?" என்று முன்பே கேட்போம். நாம் விருந்துக்குப் போனால், நமக்கு ஆகாததைப் பணிவாகச் சொல்லி மற்றதை வாங்கி உண்போம். வேற்று மதத்தார் வீட்டிலும் இதுவே முறை.

5. உயிர்கள் மீது இரக்கம் வளரவேண்டும் என்பதில் ஐயமில்லை. கறியை விட்டவர், கேட்பவருக்குத் தம் அனுபவத்தைச் சொல்லலாம். கேட்காதவருக்கு அவருடைய வாழ்க்கையே பாடமாக இருக்கட்டும்.

கலி வெளியே ஆட்டுக்கறியிலும் மீனிலும் மட்டும் ஒளிந்திருப்பதில்லை. "நான் சுத்தம், நீ தாழ்ந்தவன்" என்ற நினைப்பிலும் அது குடியிருக்கும். கறியை விட்டவனுக்கு இந்தக் கர்வம் வந்தால், ஒன்றை விட்டு அதைவிடக் கொடியதைப் பிடித்தவனாவான். கறி உண்பவன், உண்ணாதவரை ஏளனம் செய்தால் அவனுக்கும் அதே கணக்குத்தான். தட்டில் இருப்பது எதுவானாலும், பக்கத்தில் இருப்பவரை அன்போடு பார்த்து, "உட்காருங்கள், சாப்பிடலாம்" என்று இடம் விட்டுக் கொடுப்பவனே அய்யா கூட்டிய பந்தியில் அமரத் தக்கவன்.

அய்யா உண்டு.