கடற்காகம் பார்க்கத் தொடங்கும் இளைஞருக்கு



தமிழகக் கடற்கரைக்குக் கடற்காகங்கள் அக்டோபரில் வரத் தொடங்கி, ஏப்ரலுக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். இவற்றுள் மிகுதியாக வருவது பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் மேட்டுநிலங்களின் நீர்நிலைகளில் கூடு கட்டும் பறவை இது. புதியவர் முதல் குளிர்காலம் முழுவதையும் இந்த ஓர் இனத்துக்கே கொடுக்கலாம். இதை நன்கு அறியாமல் அரிய பறவையைத் தேடி ஓடுபவருக்கு, அது எதிரே வந்து உட்கார்ந்தாலும் வேறுபாடு தெரியாது.

குளிர்காலத்தில் இதன் தலை வெள்ளையாகிவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும். கருந்தலைக் கடற்காகத்துக்கும் அப்படியே. ஆகவே தலையை விட்டுச் சிறகைப் பார்க்க வேண்டும். பறக்கும்போது பழுப்புத்தலையின் சிறகு நுனி அகலக் கறுத்து, அதில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பு வெள்ளையாக ஓடும்; கறுப்பு, நுனியில் மெல்லிய கரையாக நின்றுவிடும். உட்கார்ந்திருக்கும் பறவையில் கண்ணைக் கவனிக்கலாம்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய விழி, கருந்தலைக்குக் கரிய விழி. இங்கேதான் பலர் சறுக்குவது. பழுப்புத்தலையின் இளம்பறவைக்கும் விழி கரியதே. சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டும் இராது. வாலின் கரும்பட்டை அதன் இளவயதைக் காட்டிக்கொடுக்கும்.

பெரிய கடற்காகங்கள் முழு நிறம் பெற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை உள்ள பழுப்பு வரிகளில் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். குறிப்பேட்டில் ‘பெரிய கடற்காகம், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவது நேர்மையான பதிவு.

ஆலாக்களைக் கடற்காகத்தோடு குழப்ப வேண்டியதில்லை. கொண்டை ஆலா அலகைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பறந்து, தலைகுப்புற நீரில் பாயும். கடற்காகம் பெரும்பாலும் நீர்ப்பரப்பிலேயே பொறுக்கித் தின்னும். கரைவலை கரையேறும் நேரத்தில் இரண்டையும் அருகருகே காணலாம்.

இடம், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடியின் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும். அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளைப் பிற்பகலில் பார்ப்பதே மேல். அப்போது வெயில் முதுகுப் பக்கம் விழும். காலையில் போனால் எல்லாம் கரிய உருவங்கள்தான். ஓய்வெடுக்கும் பறவைகள் காற்றை எதிர்கொண்டு உட்காருவதால், காற்றுக்குக் குறுக்கே நிற்பவருக்கு அலகும் காலும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும்.

கருவிக்கு 8×42 இருகண்ணோக்கி போதும். ஆடியில் உப்புத்துளி காய்ந்தால் உலர்துணியால் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கூட்டத்தை நோக்கி நேராக நடப்பது தவறு. படம் எடுப்பதற்காகப் பறவைகளைக் கிளப்பிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பறவைகள் தலையை உயர்த்திய உடனே நின்றுவிட வேண்டும்.

எண்ணும்போது முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பரப்பைக் கண்ணில் நிறுத்தி, கூட்டத்தின் எஞ்சிய பகுதியை அதனால் அளக்கலாம். இடம், நேரம், காற்றின் திசை மூன்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் புதியவர்களும் சேரலாம். காலில் வளையமிட்ட பறவை தென்பட்டால், வளையத்தின் நிறம், எழுத்து, எந்தக் கால் என்பவற்றைக் குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம்.