அளவறிந்த நஞ்சு

பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளைகின்றன. களை எடுப்பதும் பருத்தி பறிப்பதும் விரல்களின் உழைப்பால் நடப்பவை. விரல் மடங்காத நாளில் கூலியும் இல்லை. அவ்விரல் மூட்டுகளைத் தாக்கும் நோய்களுள் ஒன்று முடக்குவாதம். காலையில் இறுகும் மூட்டுகள் நெடுநேரம் இளகாமை அதன் அறிகுறி. ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் மிகுதியாக வருகிறது.

வேலியே பயிரை மேய்ந்தாற்போல, உடலைக் காக்க வேண்டிய தடைகாப்பு மண்டலமே இந்நோயில் உடலைத் தாக்குகிறது. லிம்போசைட்டுகள் எனும் வெள்ளையணுக்களுள் சில, சொந்தத் திசுவை அயலெனக் கருதிப் பெருகி, மூட்டுகளை அழிக்கின்றன.

செல் பெருகுவதற்குப் புதிய டி.என்.ஏ. வேண்டும், அதை உருவாக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். அவ்வமிலத்தை ஒத்த வடிவில் புகுந்து அதன் பணியைத் தடுப்பது மெத்தோட்ரெக்சேட். இவ்வகை மருந்துகளுக்கு வழிவகுத்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895 சனவரி 12இல் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றார். அங்கு லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சிலகாலம் தணித்தது என்னும் செய்தி 1948இல் வெளியானது. அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார். அம்மருந்து முடக்குவாதத்தையும் தணிப்பது 1951இல் அறியப்பட்டது. அதன் இனமான மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்திற்கு வழங்க 1988இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

சில புற்றுநோய்களுக்குக் கிராம் கணக்கில் செலுத்தப்படும் இம்மருந்து, முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை, பொதுவாக 7.5 முதல் 25 மில்லிகிராம் வரையே தரப்படுகிறது. இச்சிறிய அளவில் அது அழற்சியைத் தணிக்கும் அடினோசினையும் பெருகச் செய்கிறது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து நிறுத்துவோரும் உண்டு. வாரத்திற்குரியதை நாள்தோறும் விழுங்கிவிடுவோரும் உண்டு. முன்னது மூட்டைக் கெடுக்கும்; பின்னது எலும்பு மச்சையை அழித்து உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே, மருத்துவர் குறித்தபடி ஃபோலிக் அமில மாத்திரையும், உரிய காலத்தில் இரத்தம், கல்லீரல் பரிசோதனைகளும் இன்றியமையாதவை. கருவுற்ற பெண்கள் இம்மருந்தை உட்கொள்ளலாகாது.

பரிசோதனைக்காகத் தொலைதூரம் செல்வது ஒருநாள் கூலியை இழப்பதாகும். 2022 சனவரி 12 அன்று, சுப்பாராவின் பிறந்தநாளிலேயே, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவம் அருகில் வருவது அத்தொலைவைக் குறைக்கும். எஞ்சிய கடமை வீட்டைச் சார்ந்தது. பல வீடுகளில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர் பள்ளி செல்லும் பிள்ளையே. ‘வாரம் ஒருமுறை’ என்னும் இரு சொற்களை அப்பிள்ளை பிழையின்றிப் படித்துச் சொல்வது, ஓர் உயிரைக் காப்பதாகும்.