கணிப்பொறியும் மனித விழுமியங்களும்

கருவி நன்மையும் அன்று, தீமையும் அன்று. பயன்படுத்துவோர் கையிலேயே அதன் குணம் உள்ளது என்பது பலரும் ஏற்கும் கருத்தாகும். ஆயினும், கருவி தன்னைக் கையாளுவோரின் மதிப்பீடுகளையே மாற்றவல்லது என்பதைத் தொழில்நுட்ப மெய்யியல் உணர்த்துகிறது. இதனை ஒரு சான்றின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலிசா தந்த பாடம்

பெர்லினில் 1923-இல் பிறந்து, நாஜி ஆட்சியின்போது 1936-இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றவர் ஜோசப் வைசன்பாம். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரலை 1966-இல் அறிமுகப்படுத்தினார். உளமருத்துவர் வினவுவதுபோல் அது உரையாடும். தட்டச்சிட்ட தொடரில் சில சொற்களைத் தேடும். 'தாய்' என்ற சொல் வரின், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுமாறு கேட்கும். தக்க சொல் கிட்டாவிடின், மேலே சொல்லுமாறு பொதுவாகக் கூறும். பொருளுணரும் ஆற்றல் அதற்கு இல்லை.

அந்நிரல் உருவானதைப் பல மாதங்கள் அருகிருந்து கண்டவர் அவருடைய செயலர். அவரே எலிசாவுடன் உரையாடத் தொடங்கியதும், வைசன்பாமை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார். உளமருத்துவர் சிலரோ, இத்தகைய நிரல்களால் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கலாம் எனக் கருதினர். பிறர் வியந்தனர், படைத்தவரோ அஞ்சினார். பரிவை வெறும் சொற்கோவையாக மருத்துவரே எண்ணத் தலைப்பட்டால், பொறி மனித நிலைக்கு உயர்வதில்லை. மனிதனே பொறியின் நிலைக்குத் தாழ்கிறான் அல்லவா?

கணக்கும் தேர்வும்

1976-இல் வெளிவந்த தம் நூலில் வைசன்பாம் இதனை ஆராய்ந்தார். தீர்மானித்தல் வேறு, தேர்ந்தெடுத்தல் வேறு என்பது அவர் கொள்கை. முன்னதைக் கணக்கிடலாம், விதிகளாக எழுதிப் பொறியிடம் ஒப்படைக்கலாம். பின்னதற்குப் பட்டறிவும் பரிவும் வேண்டும். எனவே, 'பொறியால் இதனைச் செய்ய இயலுமா?' என்பதோடு நில்லாது, 'பொறி இதனைச் செய்வது தகுமா?' என்றும் வினவுதல் வேண்டும் என்றார். அவர் 2008-இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

எலிசாவினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த உரையாடு நிரல்கள் இன்று மாணவர் கைப்பேசியிலேயே உள்ளன. அவை தரும் விடை செப்பமாகவும் இருக்கக்கூடும். எனினும், அவ்விடையால் ஒருவர் துன்புற்றால் பொறி வருந்துவதில்லை, பொறுப்பேற்பதுமில்லை. மாணவரின் தகுதி, நோயாளியின் சிகிச்சை, ஏழையின் கடன் விண்ணப்பம் ஆகியவற்றில், 'கணிப்பொறி அவ்வாறு கூறிற்று' என்று ஒதுங்குவோர் காலத்தைச் சேமிக்கலாம். பொறுப்பு என்னும் விழுமியத்தை இழக்கின்றனர்.

கணக்கைப் பொறி செய்யட்டும். முடிவுக்கு விடைகூறும் கடமை மனிதனுடையதாகவே நிற்கட்டும். அக்கடமையை ஏற்கும் துணிவை மாணவரிடம் வளர்ப்பதே இன்றைய கல்வியின் தலையாய பணியாகும்.