மரமட்டை மறைந்த கதை

விளையாட்டுச் சாமான் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். டென்னிஸ் மட்டை மாறிய வரலாற்றில் மளிகைக் கடைக்கும் பாடம் உண்டு.

ஏறத்தாழ நூறாண்டுகள் டென்னிஸ் மட்டைகள் மரத்தாலேயே செய்யப்பட்டன. எடை 400 கிராமை ஒட்டியிருக்கும். பந்தை அடிக்கும் முகம் சுமார் 70 சதுர அங்குலம். ஒவ்வொரு நரம்பும் சுமார் 25 கிலோ விசையில் இழுத்துக் கட்டப்படுவதால், முகத்தை அகலமாக்கினால் மரச்சட்டம் வளைந்துவிடும். சட்டத்தைத் தடிமனாக்கினாலோ எடை கூடிவிடும்.

அமெரிக்கப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட், பனிச்சறுக்குப் பலகைகளை உலோகத்தால் செய்து விற்றுப் பெயர் பெற்றவர். 1969இல் அந்நிறுவனத்தை விற்றுவிட்டு டென்னிஸ் பழகினார். ஆட்டம் சரியாக வரவில்லை. பந்து ஓரத்தில் பட்டபோதெல்லாம் மட்டை கையில் திரும்பிக்கொண்டது. முகம் அகலமானால் இந்தத் திருகல் குறையும் என்று கணக்கிட்டார். அலுமினியச் சட்டத்தில் சுமார் 110 சதுர அங்குல மட்டை உருவாயிற்று. 1976இல் காப்புரிமையும் கிடைத்தது.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் நகைத்தார்கள். 1978இல் 16 வயது பாம் ஷ்ரைவர் இதே பெரிய மட்டையுடன் அமெரிக்க ஓபன் இறுதியாட்டம் வரை சென்றார். பின்னர் கார்பன் இழை வந்தது. எடை 300 கிராம் அளவுக்கு இறங்கியது. சட்டமோ முன்னிலும் விறைப்பாயிற்று. 1983 பிரெஞ்சு ஓபனில் யானிக் நோவா வென்றதே, மரமட்டை கொண்டு ஆடவர் பெற்ற கடைசி கிராண்ட்ஸ்லாம் பட்டம். 1987க்குப்பின் விம்பிள்டனில் மரமட்டையே காணப்படவில்லை.

எல்லாப் புதுமையும் நிலைப்பதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. 1977இல் பரபரப்பூட்டிய இரட்டை நரம்பு மட்டை, பந்தை விபரீதமாகச் சுழற்றியதால் 1978இல் தடை செய்யப்பட்டது. அதை நம்பி மொத்தமாகக் கொள்முதல் செய்திருந்தால் முதல் முடங்கியிருக்கும்.

ஆகவே புதுச் சரக்கு வந்தால் நகைக்கவும் வேண்டாம், மூட்டை மூட்டையாக இறக்கவும் வேண்டாம். சிறிதளவு வாங்கி வைத்து, ஓட்டம் பார்ப்போம். அது நன்றாக ஓடினால், பழைய சரக்கின் கொள்முதலைப் படிப்படியாகக் குறைப்போம்.

இன்னொன்று. அந்தப் பெரிய மட்டை பிறந்தது, ஆடத் தெரியாத ஒருவரின் சிரமத்திலிருந்து. எண்ணெய் மூடியைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பாட்டியம்மா நம் கடையில் குறைப்பட்டால், காது கொடுத்துக் கேட்போம். அடுத்து எந்தச் சரக்கு ஓடும் என்பதற்கு, விற்பனையாளர் கொண்டுவரும் விலைப்பட்டியலைவிட அவர் சொல் நல்ல வழிகாட்டி.