வாயில்லாதோருக்காக ஏழு கையெழுத்துகள்

வாசிக்க வேண்டிய வேதபகுதி: நீதிமொழிகள் 31:8,9, எசேக்கியேல் 33:1-7



இந்த மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவருகிற உங்களில் சிலர், அவ்வப்போது எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் அவனுக்காக ஜெபிப்பதும் சபையின் வேலை. அரசாங்கத்தின் காரியங்களைப் பற்றிச் சபை ஏன் வாய் திறக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். வாய் திறந்தால் பகை வரும், ஊழியத்தின் கதவே அடைபட்டுப்போகலாம் என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, 1992ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஒரு காரியத்தை இம்மாதப் பாடமாகப் படிப்போம். அதில் முன்நின்றவர்கள் ரோமன் கத்தோலிக்க ஆயர்கள். நம்மில் பலர் வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

1. பயத்தில் வாழ்ந்த ஜனங்கள்

மலாவி 1964ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. நாட்டை ஆண்டவர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா. அவர் ஒரு மருத்துவர். ஸ்காட்லாந்து சபையில் மூப்பராகவும் இருந்தவர். 1971இல் அவர் ஆயுட்கால ஜனாதிபதி ஆனார். நாட்டில் ஒரே கட்சிதான். சந்தைக்குள் நுழையவும் பேருந்தில் ஏறவும் கட்சி அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசவும் ஜனங்கள் பயந்தார்கள்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சபைகளும் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தன. பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் நடத்தின. ஆராதனைகள் தவறாமல் நடந்தன. ஆனால் தேசத்தின் காயத்தைப் பற்றி ஒருவரும் வெளிப்படையாகப் பேசவில்லை. இதை நாம் குற்றஞ்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதே இடத்தில் இருந்திருந்தால் நாமும் அப்படித்தான் இருந்திருப்போமோ என்று நம்மையே கேட்டுக்கொள்வதற்காகச் சொல்லுகிறோம்.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாசிக்கப்பட்ட மடல்

கத்தோலிக்க சபையில் ஒவ்வொரு ஆயரும் தம்முடைய மறைமாவட்டத்துக்குப் பொறுப்பானவர். ஆனால் ஒரு நாட்டின் ஆயர்கள் எல்லாரும் கூடி, அந்த நாட்டின் சபைக்கு வழிகாட்டும்படி ஆயர் பேரவை என்ற அமைப்பு உண்டு. இந்தியாவின் ஆயர் பேரவை 1944இல் நம் சென்னையில்தான் உருவாயிற்று. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் இத்தகைய பேரவைகளை எல்லா நாடுகளிலும் ஏற்படுத்தும்படி வலியுறுத்தியது.

மலாவியின் ஆயர்களும் அப்படியே கூடினார்கள். பிளாண்டயர் நகரத்துப் பேராயர் ஜேம்ஸ் சியோனாவின் தலைமையில் ஒரு மடல் எழுதினார்கள். ஆயர்கள் ஆறு பேரும், ஆயர் இல்லாதிருந்த முசூசு மறைமாவட்டத்தின் நிர்வாகியும், ஆக ஏழு பேர் அதில் கையெழுத்திட்டார்கள். பலாக்கா என்ற ஊரில் மோன்ஃபோர்ட் சபைத் துறவிகள் நடத்திய அச்சகத்தில் 16,000 பிரதிகள் அச்சாயின. 1992 மார்ச் 8, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று நாடெங்கும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் அந்த மடல் ஜனங்களுக்கு வாசிக்கப்பட்டது.

அதில் என்ன இருந்தது? மனுஷர் யாவரும் தேவசாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வேத சத்தியத்திலிருந்து மடல் ஆரம்பித்தது. பிறகு பள்ளிக்கூடங்களின் நிலை, குறைந்த கூலி, லஞ்சம், வழக்கு எப்போது விசாரிக்கப்படும் என்று தெரியாமல் சிறையில் இருப்போர், பயமின்றிப் பேச முடியாத நிலை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. ஒரே தலை கூரையைச் சுமக்காது என்பது அந்த நாட்டுப் பழமொழி. ஆயர்கள் அதை எடுத்துக்காட்டி, ஞானம் ஒரு மனுஷனிடத்தில் மாத்திரம் இல்லை என்றார்கள். அந்த வார்த்தை யாரைக் குறித்தது என்று எல்லாருக்கும் புரிந்தது.

மருத்துவ ஊழியத்தின் பங்காளர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு பகுதியும் அதில் உண்டு. போதுமான சுகாதார நிலையங்கள் இல்லை, இருப்பவற்றில் நோயாளிகள் நெரிசலில் கிடக்கிறார்கள், பணியாளர்கள் போதவில்லை, சிகிச்சை தாமதமாகிறது, ஆளுக்கு ஒரு விதமாக வைத்தியம் நடக்கிறது என்று ஆயர்கள் எழுதினார்கள். எய்ட்ஸ் நோயின் கொடுமையையும் அவர்கள் மறைக்கவில்லை. நாட்டின் தலைவரே ஒரு மருத்துவராயிருந்த தேசத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

3. கொடுத்த கிரயம்

மடல் வாசிக்கப்பட்ட சில தினங்களுக்குள் ஆயர்களைக் காவல்துறையினர் பிளாண்டயருக்கு அழைத்து, மணிக்கணக்காக விசாரித்தார்கள். மடல் ராஜத்துரோகமானது என்று அறிவிக்கப்பட்டது. அதைக் கையில் வைத்திருப்பதே குற்றமாயிற்று. ஆளுங்கட்சியின் கூட்டத்தில் ஆயர்களைக் கொல்ல வேண்டும் என்றே பேசப்பட்டது. அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியே கசிந்து உலகம் அறிந்தது. மடலை அச்சிட்ட அச்சகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் அயர்லாந்தைச் சேர்ந்தவரான முசூசு மறைமாவட்ட நிர்வாகி ஜான் ரோச், ஏப்ரல் மாதத்தில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

ஆனால் அடைத்து வைத்திருந்த பேச்சு அதன்பின் நிற்கவில்லை. சோம்பா நகரில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயர்களுக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். மே மாதத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசர உதவி தவிர்ந்த மற்ற உதவிகளை வெளிநாடுகள் நிறுத்தி வைத்தன. பண்டா சார்ந்திருந்த பிரெஸ்பிட்டேரியன் மரபைச் சேர்ந்த சபைத் தலைவர்களும் குரல் கொடுத்தார்கள். பின்பு கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்த ஒரு பொதுக் குழு அரசுடன் பேச்சு நடத்தியது. 1993 ஜூன் 14இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், பல கட்சி ஆட்சி வேண்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். 1994 மே 17இல் நடந்த தேர்தலில் பண்டா தோற்றார். தோல்வியை ஏற்றுக்கொண்டு விலகினார்.

இந்த மாற்றமெல்லாம் ஒரு மடலினால் மாத்திரம் வந்தது என்று சொல்ல மாட்டோம். சிறைக்குப் போனவர்கள், வீதிக்கு வந்தவர்கள் அநேகர். ஆனால் எல்லாரும் மனதுக்குள் வைத்திருந்ததை முதலில் சத்தமாய்ச் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க பீடம்தான்.

4. நமக்குரிய பாடங்கள்

முதலாவது, அவர்கள் ஒன்றாகப் பேசினார்கள். ஒருவர் மாத்திரம் எழுதியிருந்தால் அவரை அப்புறப்படுத்தி, காரியத்தை முடித்திருப்பார்கள். ஏழு கையெழுத்துகளும் ஒரே நாளில் எல்லா ஆலயங்களிலும் நடந்த வாசிப்பும் அதைத் தடுத்தன. சபைக்குப் பொதுக்குரல் வேண்டும் என்பதன் அர்த்தம் இதுவே.

இரண்டாவது, அவர்கள் தாங்கள் அறிந்ததைப் பேசினார்கள். மலாவியின் மருத்துவப் பணியில் பெரும்பங்கு கிறிஸ்தவ ஆஸ்பத்திரிகளுடையது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்றும் அங்கே உண்டு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் சபை என்பதால்தான் அவர்களுடைய வார்த்தைக்குப் பாரம் இருந்தது. பணிவிடை இல்லாத பேச்சு வெறும் சத்தம். அதேபோல, கட்டிலுக்கு அடியிலும் பாய் விரித்து நோயாளியைப் படுக்க வைக்கும்போது, ஏன் இத்தனை பேர் என்று ஒருநாளும் கேட்காத பணிவிடையும் குறைவுள்ளதே.

மூன்றாவது, அவர்கள் ஆட்சியைப் பிடிக்க முயலவில்லை. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. ஆட்சி மாறிய பின்னும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த அரசுகளைக் கண்டித்தும் அதே ஆயர் பேரவை மடல்கள் எழுதிவந்திருக்கிறது. ஜாமக்காரனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வந்தாலும் எக்காளம் ஊதுவதே வேலை என்பதை எசேக்கியேல் 33இல் பார்க்கிறோம்.

நான்காவது, தங்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கடமையில் அக்கறை குறைந்த மருத்துவ ஊழியரைப் பற்றியும் அந்த மடல் பேசிற்று. அதை வாசிக்கும்போது எங்களுக்கும் குத்துகிறது. காசு உள்ளவரை முதலிலும் இல்லாதவரைப் பிறகும் பார்க்கும் சோதனை எங்கள் வாசலிலும் நிற்கிறது. வெளியே நியாயம் கேட்கிறவர்கள் முதலாவது தங்கள் வார்டுக்குள் நியாயம் செய்ய வேண்டும்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை ஒரு ஏழையின் காயத்தைக் கட்டுகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். அந்தக் காயம் எப்படி உண்டாயிற்று என்று கேட்கிற சபையாகவும் அவர் நம்மை வளர்ப்பாராக. எப்பொழுது பேசுவது, எப்பொழுது பொறுத்திருப்பது என்பது எங்களுக்கு எளிதான காரியமல்ல. ஆகையால் மருந்துக்காக ஜெபிக்கும்போது, எங்கள் நாவுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நாம் அறிந்தும் பேசாமலிருக்கும் அநியாயம் எது? பயமா, அக்கறையின்மையா, எது நம்மைத் தடுக்கிறது?

2. நம்முடைய சபை ஏழைகளைக் குறித்துப் பேசினால், அதற்குப் பின்னால் நம்முடைய பணிவிடை இருக்கிறதா?

3. வேறு சபைப் பிரிவினர் நீதிக்காக நிற்கும்போது, அவர்களோடு நிற்க நாம் ஆயத்தமா?

ஜெபக் குறிப்பு: பயமுறுத்தலின் நடுவிலும் சத்தியத்தைச் சொல்லும் சபைத் தலைவர்களுக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் இருப்போருக்காகவும், இடமில்லாமல் ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருக்கும் நோயாளிகளுக்காகவும் இம்மாதம் விசேஷமாக ஜெபிப்போம்.